ஓவன் தட்டுக்கும் அடிக்கனம் வேண்டும்

நம் இல்லங்களில் பாத்திரம் வாங்கச் செல்லும் மூத்த பெண்மணிகளைக் கவனித்திருப்பீர்கள். பளபளப்பை அவர்கள் முதலில் பார்ப்பதில்லை. பாத்திரத்தைக் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். விரல் கணுவால் அடியைத் தட்டி ஓசை கேட்பார்கள். "அடி கனமாக இருக்கிறதா?" என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. அடி மெலிந்த சட்டியில் தம் போட்டால் கீழே கருகும், மேலே வேகாது என்பது அனுபவத்தால் அவர்கள் கற்ற பாடம்.

அதே இல்லங்களில் பலவற்றில் இன்று மின் ஓவன் இடம்பெற்றுவிட்டது. பிஸ்கட், கேக், ரொட்டி, பீட்சா, மசாலா தடவிய முழுக்கோழி என்று அதில் செய்யாத பண்டமில்லை. ஓவன் வாங்கும்போது அதன் கொள்ளளவு, மின்சாரச் செலவு, உத்தரவாதம் ஆகிய அனைத்தையும் விசாரிக்கிறோம். ஆனால், அதற்குள் வைக்கும் தட்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பேக்கிங் ட்ரே என்று கடைகளில் கூறப்படும் அந்தத் தட்டைக் கிடைத்த விலைக்கு, கண்ணைக் கவரும் நிறத்தில் வாங்கிவிடுகிறோம். சில மாதங்களில் அது ஒரு மூலை தூக்கிக்கொண்டு, மேசையில் வைத்தால் ஊஞ்சலாடுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு தட்டு. சட்டிக்குப் பார்க்கும் அடிக்கனத்தைத் தட்டுக்கும் பார்த்தால் இந்தச் செலவும் சிரமமும் பெரும்பாலும் இல்லாமற்போகும். எப்படிப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டு ஏன் நெளிகிறது?

ஓவன் சூடேறிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து "டப்" என்று ஓர் ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். ஓவன் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுவோரும் உண்டு. அது தட்டு நெளியும் ஓசை.

உலோகம் சூடானால் விரிவடையும்; குளிர்ந்தால் சுருங்கும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் தட்டு, 30 டிகிரி செல்சியஸிலிருந்து 230 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீள்கிறது. சாதாரண இரும்புத் தகடாயின் சுமார் 1 மில்லிமீட்டரும், எவர்சில்வராயின் சுமார் ஒன்றரை மில்லிமீட்டரும் நீளும். தட்டு முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் இந்த நீட்சியால் தீங்கில்லை. தட்டு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பெரிதாகி, ஆறியபின் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

சிக்கல் எழுவது, ஒரு பகுதி சூடாகவும் மற்றொரு பகுதி குளிர்ச்சியாகவும் இருக்கும்போதுதான். சூடான பகுதி விரிய முயல்கிறது. குளிர்ந்த பகுதி அதைப் பிடித்து நிறுத்துகிறது. விரிய இடமில்லாத உலோகம் மேற்புறமாகவோ கீழ்ப்புறமாகவோ புடைத்துக்கொள்கிறது. தகடு மெல்லியதானால் இந்தப் புடைப்பு சட்டென்று நிகழும். அந்தச் சட்டென்ற அசைவே நாம் கேட்கும் ஓசை.

இவ்வாறு நெளிந்த தட்டு, ஆறியவுடன் மீண்டும் சமநிலைக்கு வந்துவிட்டால் கவலையில்லை. வெப்ப வேறுபாடு மிகுந்து, தகடு தாங்கும் எல்லையைக் கடந்து இழுபட்டுவிட்டால் மட்டுமே அது நிரந்தரமாகக் கோணிப்போகிறது. ஒருமுறை அப்படிக் கோணிய தட்டு மறுமுறை இன்னும் எளிதில் கோணும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் உள்ளவை மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்கள். அவற்றில் வெப்பக் கம்பிகள் தட்டுக்கு மிக அருகில், மேலும் கீழுமாக அமைந்துள்ளன. கம்பிக்கு நேராக உள்ள பகுதி முதலில் காய்கிறது, மூலைகள் பின்தங்குகின்றன. ஆகவே பெரிய அடுமனை ஓவனைவிட நம் சிறிய ஓவனே தட்டைக் கடுமையாகச் சோதிக்கிறது எனலாம். வீட்டு உபயோகத்துக்கு மெல்லிய தட்டே போதும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்து விளங்கும்.

நெளிவதால் என்ன நட்டம்?

தட்டு கோணினால் அழகு கெடும். வேறென்ன என்று சிலர் கேட்கலாம். நட்டம் மூன்று வகைப்படும்.

முதலாவது, பண்டம் கெடுகிறது. பெருநாளுக்கென நெய் விட்டுப் பிசைந்த நான்கட்டாய் மாவைத் தட்டில் வரிசையாக வைக்கிறோம். தட்டு நெளிந்தால் நெய் பள்ளமான பக்கம் ஓடித் தேங்குகிறது. அங்குள்ள பிஸ்கட்டுகள் பரவி ஒட்டிக்கொள்கின்றன. வெப்பக் கம்பிக்கு அருகே இறங்கிய பகுதியில் அடி கருகுகிறது. மேடான பகுதியில் வெண்மை மாறாமல் நிற்கிறது. தகட்டு கேக் ஊற்றினாலோ ஒரு பக்கம் அரை அங்குலமும் மறுபக்கம் ஓர் அங்குலமுமாக வேகும். சுருட்டுவதற்கோ அடுக்குவதற்கோ அது உதவாது.

இரண்டாவது, வருமானம் குறைகிறது. வீட்டிலிருந்தபடியே பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்று, குடும்பத்துக்குத் தோள்கொடுக்கும் சகோதரிகள் இன்று பலர். நோன்பின் இறுதிப் பத்து நாட்களில் அவர்களுடைய ஓவன் அணைவதே அபூர்வம். ஒரு தட்டில் 20 பிஸ்கட் வைத்து அவற்றில் 4 கருகினால், ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மாவும் நெய்யும் சர்க்கரையும் மட்டுமல்ல, மின்சாரமும் உழைப்பும் சேர்ந்தே போகின்றன. இப்படி நாள்தோறும் இழப்பதைக் கூட்டிப் பார்த்தால், நல்ல தட்டின் விலை அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது, உடலுக்கே ஆபத்து. கோழியோ கபாபோ வேகும்போது தட்டில் கொழுப்பும் எண்ணெயும் தேங்கி நிற்கும். தட்டை வெளியே இழுக்கும் வேளையில் அது சட்டென்று நெளிந்தால், கொதிக்கும் எண்ணெய் விளிம்பைத் தாண்டிக் கையிலோ காலிலோ சிந்தும். வெப்பக் கம்பியில் சிந்தினால் தீப்பற்றவும் கூடும். குழந்தைகள் ஓடியாடும் சமையலறையில் இதை அலட்சியம் செய்யலாகாது.

எந்த உலோகம்?

கடைகளில் கிடைக்கும் தட்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பூச்சு எதுவுமற்ற கனமான அலுமினியம். அடுமனைகளில் காலங்காலமாகப் பயன்படுவது இதுவே. மூன்று உலோகங்களிலும் மிகுதியாக விரிவது அலுமினியம்தான் என்று மேலே கண்டோம். அப்படியாயின் அதுவல்லவா முதலில் நெளியவேண்டும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் வேகம் சாதாரண இரும்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. எவர்சில்வரைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஓரிடத்தில் பட்ட சூடு விரைவில் தட்டு முழுவதும் பரவிவிடுவதால், சூடான இடம், குளிர்ந்த இடம் என்ற வேறுபாடே பெரிதாக எழுவதில்லை. வேறுபாடு இல்லாதபோது நெளிவதற்கும் காரணமில்லை. போதிய கனமுள்ள அலுமினியத் தட்டில் பண்டமும் எங்கும் ஒரே நிறமாக வேகும்.

இரண்டாம் வகை, அலுமினியப் பூச்சிட்ட எஃகு. உள்ளே எஃகுத் தகடு. இருபுறமும் அலுமினியக் கலவைப் பூச்சு. எஃகின் உறுதியும், அலுமினியத்தின் துருப்பிடிக்காத தன்மையும் இதில் ஒருங்கே அமைகின்றன. எஃகு குறைவாகவே விரிவதால் இவ்வகைத் தட்டு நெளிவதை நன்கு எதிர்க்கும். எடை சற்று அதிகம். பூச்சு கீறிப்போனால் அவ்விடத்தில் துரு ஏறும் என்பது மட்டுமே இதன் குறை.

மூன்றாம் வகை, எவர்சில்வர். கழுவுவது எளிது, புளிப்புக்கு அஞ்சாது, நம் பெண்களுக்கு மிகவும் பழகிய உலோகம். ஆயினும் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் சூடு ஓரிடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மெல்லிய எவர்சில்வர் தட்டு எளிதில் நெளிகிறது; பண்டமும் திட்டுத்திட்டாகச் சிவக்கிறது. எவர்சில்வரே வேண்டுமென்போர் நல்ல கனமுள்ளதைத் தேர்ந்து, அதைக் கோழி, காய்கறி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டுக்கு அது ஏற்றதன்று.

நான்காம் வகை, கருநிற ஒட்டாப் பூச்சுடைய தட்டு. நான்ஸ்டிக் என்று விற்கப்படும் இவற்றில் மலிவானவை பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனவை. கண்ணுக்குப் பூச்சுதான் தெரிகிறது. அதன் கீழுள்ள தகட்டின் மெலிவு தெரிவதில்லை. தகடு நெளிந்து நிமிரும்போதெல்லாம் பூச்சும் மடங்கி, நாளடைவில் விரிசல் கண்டு உரிகிறது. மேலும், கருநிறம் வெப்பக் கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதால் பண்டத்தின் அடி விரைவில் கருகும். இத்தகைய தட்டைப் பயன்படுத்துவோர் வழக்கமான சூட்டிலிருந்து 10 முதல் 15 டிகிரி குறைத்துக்கொள்வது நலம்.

வழக்கமான ஒட்டாப் பூச்சான டெஃப்லான் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி நச்சுப் புகையை வெளியிடுகிறது. அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும் அளவு கொடியது. கிளி வளர்க்கும் வீட்டினர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும். வெறுந்தட்டை உச்சச் சூட்டில் காயவைப்பதும், மேல் வெப்பக் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைப்பதும் கூடவே கூடாது.

கேஜ் எண்ணின் மயக்கம்

உலோகத்தைத் தேர்ந்தபின் அடுத்துப் பார்க்கவேண்டியது தகட்டின் கனம். பாத்திரக் கடைகளில் இதைக் கேஜ் என்ற கணக்கில் கூறுவர். இக்கணக்கு தலைகீழானது: எண் கூடக்கூடத் தகடு மெலியும். 24 கேஜைவிட 20 கேஜ் கனமானது. 20-ஐவிட 18 கனமானது. எண் பெரிதாக இருப்பதைக் கண்டு உயர்ந்த சரக்கு என்று எண்ணி ஏமாறுவோர் உளர்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேஜ் கணக்கு ஒன்றல்ல, பல. பிரிட்டிஷ் கணக்கில் 16 கேஜ் என்பது சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2, 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7, 24 கேஜ் சுமார் 0.56. அமெரிக்க அலுமினியக் கணக்கிலோ 18 கேஜ் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே கேஜ் எண்ணோடு நின்றுவிடாமல், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பதே தெளிவு தரும். அலுமினியமாயின் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், எஃகாயின் 0.8 மில்லிமீட்டரளவிலும் இருப்பது வீட்டு உபயோகத்துக்கு நன்று.

இவ்வளவு சிறிய வேறுபாட்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கவேண்டாம். தகட்டின் கனம் இரு மடங்கானால், வளைவதை எதிர்க்கும் அதன் வலிமை இரு மடங்காக அல்ல, எட்டு மடங்காகக் கூடுகிறது. 0.7 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டோடு ஒப்பிட்டால், 1 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு ஏறக்குறைய மூன்று மடங்கு உறுதியானது. தலைமுடியளவு என்று நாம் எண்ணும் கனமே தட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தராசு பொய் சொல்லாது

கடைக்காரரிடம் அளவுக் கருவி இல்லாமலிருக்கலாம். ஆனால் தராசு இல்லாத பாத்திரக்கடை அரிது. எடையைக் கொண்டே கனத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்குண்டு.

40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் உயர விளிம்பு உடைய தட்டை எடுத்துக்கொள்வோம். அது 1 மில்லிமீட்டர் அலுமினியத்தால் ஆனதெனில் சுமார் 420 கிராம் இருக்கவேண்டும். அரை மில்லிமீட்டராயின் 210 கிராம்தான் இருக்கும். எஃகாயின் அரை மில்லிமீட்டருக்குச் சுமார் 610 கிராமும், 0.8 மில்லிமீட்டருக்குச் சுமார் 970 கிராமும் இருக்கும். விளிம்பை உருட்டியிருந்தாலோ உள்ளே கம்பி வைத்திருந்தாலோ எடை இன்னும் சற்றுக் கூடும். அலுமினியத்தையும் எஃகையும் ஒன்றோடொன்று எடையால் ஒப்பிடக்கூடாது. எஃகு இயல்பிலேயே அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனம்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றில் விவரமறிந்த பெண்மணி ஒருவர் தட்டு வாங்கினால் உரையாடல் இப்படித்தான் அமையும்:

"அண்ணாச்சி, இந்தத் தட்டு எத்தனை மில்லி கனம்?"

"நல்ல கனம் அம்மா. பதினெட்டு கேஜ்."

"எந்தக் கணக்குப் பதினெட்டு? தராசில் ஒருமுறை வையுங்கள், பார்த்துவிடுவோம்."

"அம்மா கணக்கோடுதான் வந்திருக்கிறீர்கள். உள்ளே வேறு சரக்கு இருக்கிறது, எடுத்து வருகிறேன்."

விலை பேசுவதற்கு முன் எடை பேசும் வாடிக்கையாளரிடம் மெலிந்த சரக்கு செல்லாது.

விளிம்பும் அமைப்பும்

ஒரு காகிதத்தைத் தட்டையாகப் பிடித்தால் துவண்டு விழும். ஓரத்தை மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். தட்டின் விளிம்பு செய்யும் வேலையும் அதுவே. நான்கு பக்கமும் இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்து, மேல் ஓரம் வெளிப்புறமாக உருட்டப்பட்டிருக்கும் தட்டு எளிதில் முறுக்கிக்கொள்ளாது. உயர்ந்த ரகத் தட்டுகளில் அந்த உருட்டலுக்குள் எஃகுக் கம்பி ஒன்றைப் பொதிந்திருப்பார்கள். விளிம்பை விரலால் அழுத்தினால் அசையாமல் கெட்டியாக இருப்பதிலிருந்து இதை உணரலாம்.

உருட்டல் சுற்றிலும் இடைவெளியின்றி மூடியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வாய் திறந்த உருட்டலுக்குள் கழுவும் நீரும் எண்ணெயும் புகுந்து தங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். அடுத்தமுறை சூடாகும்போது அழுக்குநீர் பண்டத்தின்மீது வடியும்.

சில தட்டுகளின் அடியில் மெல்லிய வரிகளோ கட்டங்களோ அழுத்தப்பட்டிருக்கும். அவை அழகுக்காக மட்டுமன்று. மடிப்புகள் தகட்டுக்கு முதுகெலும்புபோல் நின்று வளைவைத் தடுக்கின்றன. கேக் ஊற்றினால் வரிகள் அடியில் பதியும் என்பதால், கேக்குக்குச் சமமான அடியும், பிஸ்கட்டுக்கும் கோழிக்கும் வரியிட்ட அடியும் பொருந்தும்.

முதலில் ஓவனை அளவுங்கள்

கடைக்குப் புறப்படுமுன் ஓவனின் உட்புற அகலத்தையும் ஆழத்தையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். கதவின் உட்புறக் கண்ணாடி வரை அளக்க மறவாதீர். தட்டு நான்கு பக்கமும் இரண்டு சென்டிமீட்டரேனும் இடைவெளிவிட்டு நிற்கவேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் சூடான காற்று மேலும் கீழும் சுழல்கிறது. ஓவனை முழுவதுமாக அடைத்துக்கொள்ளும் தட்டின் கீழே வெப்பம் சிறைப்பட்டு, அடி கருகி மேல் வெளுத்துப்போகும். அடிப்பக்கம் மட்டும் கொதிப்பதால் கனமான தட்டும் அங்கே நெளியக்கூடும்.

அமெரிக்க அடுமனைகளில் முழுத்தட்டு 26 அங்குலத்துக்கு 18 அங்குலம். அதில் பாதியான அரைத்தட்டு 18 அங்குலத்துக்கு 13 அங்குலம். வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் வாங்கி வருவதும், தபாலில் வரவழைப்பதும் பெரும்பாலும் இந்த அரைத்தட்டாகவே இருக்கிறது. அது மேசை ஓவன்கள் பலவற்றுக்குள் நுழையவே நுழையாது. அளவு தெரிவிக்காமல் வாங்கிவரச் சொல்லிப் பரணில் போட்டுவைப்பதால் யாருக்குப் பயன்?

ஈயக் கலப்பில் எச்சரிக்கை

கனமாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. தூய்மையான உலோகமாகவும் இருக்கவேண்டும். கழிவு உலோகங்களை உருக்கி வார்க்கும் மலிவான அலுமினியப் பாத்திரங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஹிண்டாலியம், இண்டாலியம் என்று வழங்கும் அலுமினியக் கலவையாலான இறக்குமதிப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து உணவில் ஈயம் கசியக்கூடும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஈயம் மிகச் சிறிதளவே ஆயினும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே எங்கு, யாரால் செய்யப்பட்டது என்ற விவரமே இல்லாத அலுமினியத்தை எவ்வளவு மலிவானாலும் தவிர்ப்பதே அறிவுடைமை. அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2024 மார்ச்சில் இந்திய அரசு பிறப்பித்தது. வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நல்ல அலுமினியமாயினும் புளிப்பு அதற்குப் பகை. எலுமிச்சைச் சாறு, தயிர், தக்காளி, வினிகர் சேர்த்து ஊறவைத்த இறைச்சியை நேரடியாக அதன்மேல் பரப்பக்கூடாது. ஓவனுக்குரிய பார்ச்மென்ட் தாளை விரித்து அதன்மேல் பரப்புவது நன்று. மெழுகு பூசிய தாள் சூட்டில் உருகிப் புகையும் என்பதால் தாளின் உறையைப் படித்து வாங்கவேண்டும். தாளின் ஓரம் வெப்பக் கம்பியைத் தொடாதபடி கத்தரித்துக்கொள்வதும் அவசியம்.

நெளியாமல் காக்கும் முறைகள்

நல்ல தட்டையும் தவறான பழக்கம் கெடுத்துவிடும். பின்வருவனவற்றைக் கைக்கொண்டால் ஒரே தட்டு பல ஆண்டு உழைக்கும்.

1. ஓவனிலிருந்து எடுத்த சூடான தட்டைக் குழாய்நீரில் காட்டாதீர். சூடு தணியுமுன் நீர்பட்ட இடம் சட்டென்று சுருங்க, மற்ற இடம் விரிந்தே நிற்கும். தட்டுகள் கோணுவதற்கு இதைவிடப் பெரிய காரணமில்லை. கைபொறுக்கும் அளவு ஆறியபின் கழுவுங்கள்.

2. உறைநிலையிலுள்ள சமோசா, கட்லெட், கோழித் துண்டுகளை நன்கு காய்ந்த தட்டில் ஒரே பக்கமாகக் குவிக்காதீர். இடைவெளிவிட்டுத் தட்டு முழுவதும் சீராகப் பரப்புங்கள்.

3. வெறுந்தட்டை ஓவனில் வைத்துக் காயவிடாதீர். ஓவனை முன்கூட்டிச் சூடாக்கும்போது தட்டு வெளியிலேயே இருக்கட்டும்.

4. ஓவன் தட்டை எரிவாயு அடுப்பின்மேல் வைத்துக் குழம்பு சுண்டவைப்பதோ வதக்குவதோ வேண்டாம். நெருப்பு ஒரே இடத்தைத் தாக்குவதால் எவ்வளவு கனமான தட்டும் தாங்காது.

5. சோடா உப்பு, காரம் மிகுந்த சலவைத்தூள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மாவு ஆகியவை அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். மென்மையான திரவ சோப்பும் வெந்நீரும் போதும். ஒட்டிய கறையைச் சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். அலுமினியத்தின் நிறம் நாளடைவில் மங்குவது குறையன்று.

6. மைக்ரோவேவ் ஓவன் வைத்திருப்போர், உலோகத் தட்டை மைக்ரோவேவ் இயக்கத்தில் வைக்கவே கூடாது. வெப்பக்காற்று இயக்கத்துக்கும், உடன்வந்த கையேடு அனுமதித்தால் மட்டுமே வைக்கவேண்டும்.

கோணிய தட்டு கைவசமிருந்தால் அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முயலாதீர். அடிபட்ட இடங்கள் மேலும் மெலிந்து, சூடானதும் மீண்டும் நெளியும். அதைச் சமமான மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஆட்டம் சிறிதளவாயின் பாதாம், வேர்க்கடலை வறுக்கவும், கோழிக்குக் கீழே சொட்டும் கொழுப்பைத் தாங்கும் தட்டாக அல்லாமல் உலர்ந்த பண்டங்களைச் சூடுகாட்டவும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் மிகுதியாயின் ஓவனுக்கு வெளியே அதற்கு வேலை கொடுங்கள். மாசி உலர்த்தவோ, வற்றல் காயவைக்கவோ, அரிசி புடைத்துக் கொட்டவோ உதவும்.

எத்தனை தட்டு போதும்?

வண்ண வண்ணமாக ஆறு தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவதைவிட, கனமான இரண்டு தட்டுகளை வாங்குவது சிறந்தது. ஒன்று ஓவனில் வேகும்போது மற்றொன்றில் மாவை வரிசைப்படுத்தலாம். பெருநாள் நேரத்தில் விற்பனைக்காகச் செய்யும் சகோதரிகளுக்கு மூன்றாவது தட்டு தேவைப்படும்: ஒன்று வேக, ஒன்று ஆற, ஒன்று நிரம்ப. சூடான தட்டின்மேலேயே அடுத்த மாவை வைக்கும் அவசரம் அப்போது எழாது. அந்த அவசரத்தில்தான் பிஸ்கட் வேகுமுன்னரே நெய் உருகிப் பரந்துவிடுகிறது.

விலையை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கொரு மெலிந்த தட்டு வாங்குவோர் ஐந்தாண்டில் ஐந்து தட்டுகளுக்குப் பணம் கொடுத்திருப்பர். வீட்டில் உருப்படியாக ஒன்றும் இராது. அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலையானாலும், கனமான தட்டு ஒன்று அந்த ஐந்தாண்டையும் கடந்து நிற்கும். மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கும்போது அண்டாவையும் குத்துவாளியையும் தூக்கிப் பார்த்து எடுக்கும் கைகள், ஓவன் தட்டையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும், விளிம்பை அழுத்தட்டும், தராசில் வைக்கச் சொல்லட்டும். கடையில் செலவாகும் அந்த ஐந்து நிமிடத்தில் பல ஆண்டுச் சமையல் சீராகும்.